கல் உடைக்க ஒரு கொம்பு

கல்லை உடைக்கக் கருவி வாங்கப் போய், வாங்கிய கருவிகளை வைக்க ஒரு பீரோவும் வாங்கியவன் நான். பீரோவுக்குப் பூட்டும் போட்டேன். சாவியைத் தொலைத்த வாரத்தில்தான், உள்ளே இருந்த எதுவுமே கையில் இல்லாமல், என் வாழ்க்கையின் முதல் உருப்படியான கல் சில்லைப் பெயர்த்தேன். அந்தச் சில்லு இன்னும் என் மேசையில் இருக்கிறது. பீரோவில் இப்போது என் மனைவி பழைய போர்வைகளை வைத்திருக்கிறாள். பூட்டு உடைத்தது தனிக்கதை.

மைசூரில் இந்தச் சிறிய அருங்காட்சியகத்தின் பிரதிக் கூடத்தில் இந்த வருடம் சேர்ந்திருக்கிறீர்கள். கற்கால மனிதன் செய்த கைக்கோடரி, சுரண்டி, அம்பு முனை இவற்றை அவன் செய்த முறையிலேயே, கல்லைக் கல்லால் தட்டிச் செய்கிற கூடம். அசல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நாம் செய்தது பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருக்கும். போன வாரம் டீ குடிக்க வந்த இடத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: “சார், ஃபர்ஸ்ட் என்னென்ன டூல்ஸ் தகொள்ளணும்?” முதலில் எந்தக் கருவியை வாங்குவது என்கிறார். பாதி தமிழ், பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். மூன்று பாதி வருகிறது. மைசூர்த் தமிழர் கணக்கு அப்படித்தான். அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எப்படித் தட்டுவது என்பதை எழுதப் போவதில்லை. அதைக் கையில் ரத்தம் வந்தால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

நான் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக் காணொளிகளாகப் பார்த்தேன். அதில் தாடி வைத்த ஒருவர் வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து, ஏதோ பலாப்பழம் உரிப்பது போல அம்பு முனைகளை உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த எல்லாம் எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று செம்புத் தலை வைத்த தடிகள், தொடைக்குத் தோல் திண்டு, மார்புக்குத் தோல் ஏப்ரன், பெயர் தெரியாத கொக்கிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் பாதி வெல்டர், பாதி குதிரைக்கு லாடம் அடிக்கிறவர் மாதிரி இருந்தேன்.

அந்தக் கோலத்தில் மேடம் வந்து பார்த்தார். அவர்தான் அப்போது கூடத்தின் தலைவர். என்னைவிட வயதில் இளையவர். மேலுகோட்டை ஐயங்கார் குடும்பம்; நான் தமிழன் என்பதால் என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழில் பேசுவார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி. கல்லு எங்கே?”

கல் வாங்க மறந்திருந்தேன்.

ஆகவே முதல் பாடம்: முதலில் கல். அதுவும் கலபுரகிப் பக்கத்திலிருந்து மூட்டையில் வருகிற நல்ல சக்கிமுக்கிக் கல்லைத் தொடாதீர்கள். தடித்த கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம் போதும். கண்ணாடியும் அந்தக் கல்லும் உடைகிற விதம் ஒன்றுதான், கெட்டுப்போனால் வருத்தமும் இல்லை. ஆனால் பாட்டிலை ஒயின் ஷாப் வாசலில் நீங்களே போய்ப் பொறுக்காதீர்கள். நான் பொறுக்கினேன். எங்கள் தெருவில் அதற்கப்புறம் என் மனைவியிடம் எல்லோரும் ரொம்பப் பரிவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, கண்ணுக்கு மூடு கண்ணாடி. இதில் மட்டும் எனக்கு நகைச்சுவை வராது. கல் சில்லு பறக்கிற வேகத்தில் இமை மூடாது. அதோடு மூக்குக்கு நல்ல முகமூடி, உட்கார வெளியிடம். கல் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. மழை என்று அறைக்குள் உட்கார்ந்து தட்டுகிறவரைப் பார்த்தால், அவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தாலும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள்.

மூன்றாவது, ஆற்றுக் கல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆறு வற்றிய நாளில் போனால் கிடைக்கும். கையில் எடுத்தால் விரல்கள் அதை முழுக்க மூடக் கூடாது, பாதி வெளியே தெரிய வேண்டும். இன்னொரு கல்லால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பையில் போடுங்கள். மொத்தென்றால் உள்ளே விரிசல், ஆற்றிலேயே போடுங்கள். அழகைப் பார்த்து எடுக்காதீர்கள். நான் எடுத்த முதல் கல் பச்சையும் வெள்ளையும் வரி ஓடி, பூஜை அறையில் வைக்கலாம் போல இருந்தது. முதல் அடியிலேயே இரண்டாகப் பிளந்தது. உடைபட வேண்டிய கல் அப்படியே இருந்தது.

ஓரங்களை அழுத்திக் கூராக்க, பழைய மின்சார வயரின் தடித்த செம்புக் கம்பியைக் கொய்யாக் கம்பில் செருகிக்கொண்டால் போதும். தொடைக்குச் செருப்புத் தைக்கிறவரிடம் மிஞ்சிய தோல். இவ்வளவும் ஒரு துணிப்பையில் அடங்கும். ஒன்று மட்டும்தான் பாக்கி. அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

ஆற்றுக் கல்லால் தட்டினால் கல் தடிமனாகத்தான் பெயரும். மெல்லிய சில்லு வேண்டுமென்றால் கல்லைவிட மென்மையான, ஆனால் உடையாத ஒரு தடி வேண்டும். எல்லாப் புத்தகங்களும், அந்தத் தாடிக்காரரும் சொல்வது மான் கொம்பு. மரத்தடியும் ஆகும் என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். சின்ன எழுத்தைப் படிக்கிற வயதா அது.

எனக்கு ஊர் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், காட்டோரத்து ராமாபுரம். மனைவிக்குப் பக்கத்து மார்டள்ளி. அவள் தம்பி மாதேஷ் காட்டு இலாகாவில் தினக்கூலி வாட்சர். பல வருடமாகக் காட்டுக்குள் ரோந்து போகிறவன். நிரந்தர வேலைக்கான உத்தரவு இன்று வரும் நாளை வரும் என்று வீடே காத்திருந்த சமயம் அது. அவனுக்குப் போன் போட்டேன்.

“மாப்ளே, கடமானுக்கு வருஷா வருஷம் கொம்பு உதிருமாமே. ஒண்ணு எடுத்துட்டு வாயேன்.”

“காட்டுல விழுந்தது காட்டோடதுங்க மாமா.”

“சும்மா கெடந்து மக்கறதுதானே?”

“எங்கீங்க மக்குது, முள்ளம்பன்னி கடிச்சுத் தின்னுபோடுது.”

“முள்ளம்பன்னிக்குக் குடுப்பே, அக்கா புருஷனுக்குக் குடுக்க மாட்டே?”

“முள்ளம்பன்னி மேல கேஸ் போட மாட்டாங்கல்லங்க” என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மாதமே மாரியம்மன் பண்டிகைக்கு மார்டள்ளி போனோம். மாமனார் வீட்டு உள்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு மான் கொம்பு உண்டு. பலகையில் பதித்து, பெயின்ட் அடித்து, சட்டை மாட்ட வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையாகப் போன முதல் நாள் என் சட்டையும் அதில்தான் தொங்கியது. அன்று அதில் மாதேஷின் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காட்டில் விழுந்தால்தானே காட்டோடது, இது சுவரில் இருப்பது, ஆகவே வீட்டுச் சாமான் என்று என் மூளை தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டது.

எல்லோரும் கோயிலுக்குப் போனதும், கால் வலி என்று நான் பின்தங்கினேன். காக்கிச் சட்டையை எடுத்து ஒழுங்காக மடித்துக் கட்டில் மேல் வைத்தேன். கொம்பைப் பலகையிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றி, ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த நிலக்கடலை மூட்டைக்குள் செருகினேன். கேட்டால் தரமாட்டான், எடுத்துக்கொண்டுபோய்ப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

கொள்ளேகால் போகும் வழியில் காட்டுச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஒருவர் ஏறி, மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏனு இதரல்லி?” என்று என் மடியிலிருந்த மூட்டையைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டார்.

“கடலேக்காயி” என்று சொல்லி, ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

“உங்களுக்கு எதுக்கு இப்பிடி வேர்க்குது?” என்றாள் மனைவி.

“வெயில்.”

“வெளிய மழ பெய்யுதுங்க.”

மறுநாள் கூடத்தில் அந்தக் கொம்பால் ஒரு சக்கிமுக்கிக் கல்லைத் தட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மெல்லிய சில்லு, வெற்றிலை போலப் பெயர்ந்து தொடைத் தோலில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த வாரம் முழுக்க, அப்போதிருந்த புதியவர்களை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். “கொம்புல ஒரு கொடுத்து வாங்கற குணம் இருக்கு பாருங்க, அது மரத்துல சுட்டுப் போட்டாலும் வராது” என்றேன். ஒருத்தி, பெயின்ட் உதிர்ந்த இடம் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று கேட்டாள். பழைய கொம்பு, அடுப்புப் புகை ஏறியிருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். அவள் குறிப்பு எடுத்துக்கொண்டாள். இப்போது எங்கேயோ பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாளாம். அந்தக் குறிப்பு தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மேடம் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தது கண்காட்சித் திறப்பு நாளன்று காலையில். காடும் மனிதனும் என்பது போன்ற ஒரு கண்காட்சி. முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் கைக்கோடரி செய்து காட்ட வேண்டும். சிறப்பு விருந்தினர் காட்டு இலாகாவின் ஒரு பெரிய அதிகாரி. அவர் சீக்கிரமே வந்து மேடத்தின் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மேடம் மேசையைச் சரிபார்க்க முற்றத்துக்கு வந்தார். ஆற்றுக் கற்கள், செம்புக் கம்பி, தோல். நடுவில், சிவப்புத் துணி மேல், கொம்பு. துணி என் ஏற்பாடு.

“இது என்னது?”

“கொம்பு மேடம். கடமான்.”

“எங்கேந்து?”

“வீட்டுச் சுவர்ல இருந்தது. பழசு, மாமனார் காலத்துது.”

“சர்ட்டிபிகேட் இருக்கா?”

“கொம்புக்கா மேடம்?”

“கொம்புக்குத்தான். தானா விழுந்ததா இருந்தாலும், வீட்டுச் சுவர்ல இருந்தாலும், அனுமதி இல்லாம வெச்சிண்டிருந்தா குத்தம். இப்ப அந்த வீட்டுல யார் இருக்கா?”

சொன்னேன். மாதேஷ் எங்கே வேலை பார்க்கிறான் என்பது அவருக்கு முன்பே தெரியும். காபி குடிக்கிறவர் யார் என்பது எனக்கும் தெரியும். கால் வலிக்கிறது என்று பண்டிகையன்று சொன்னது அப்போது உண்மையாயிற்று.

வாட்சர் வீட்டுச் சுவரில் மான் கொம்பு. உத்தரவு வருகிற நேரம். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் மாதேஷுக்கு நிரந்தர வேலை இல்லை. இருக்கிற தினக்கூலியும் இருக்காது. அவன் தர மாட்டேன் என்றான். நான்தான் எடுத்தேன். ஆனால் எடுத்தவனைவிட, எடுக்கப்பட்ட சுவருக்குச் சொந்தக்காரன்தான் முதலில் மாட்டுவான்.

“பீரோவுல வெச்சுப் பூட்டிடட்டுமா?” என்றேன். என் பீரோ அப்போது கூடத்தில்தான் இருந்தது.

“சாவி கெடச்சுடுத்தா?”

கிடைக்கவில்லை.

மாதேஷுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. காட்டுக்குள் இருக்கிறான். மறுபடி போட்டேன். மறுபடி அதே குரல், அதே மரியாதை.

மேடம் குரலை உயர்த்தவில்லை. “ஒளிச்சு வெச்சேள்னா, இது வரைக்கும் உங்க தப்பு, இனிமே மியூசியத்தோட தப்பு. எடுத்துண்டு வாங்கோ, நாமளே அவர்ட்ட சொல்லிடுவோம். பொய் சொல்லாதேங்கோ. அவர் கேக்காத பேரைச் சொல்லவும் வேண்டாம்.”

முற்றத்திலிருந்து மேடத்தின் அறைக்கு ஒரு சின்ன வராந்தாதான். அதை நடந்த நேரத்தில் நான் நாலைந்து பொய்கள் தயார் செய்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம். ரோட்டில் கிடந்தது என்பது அதில் நல்லது. ரோட்டில் கிடந்ததற்குப் பெயின்ட் யார் அடித்தார்கள் என்று யோசித்தபோது கதவு வந்துவிட்டது.

அதிகாரி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். கன்னடக்காரர்; பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“சார், இது மான் கொம்பு. என்கிட்ட அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. இது தப்புன்னு சரியாத் தெரிஞ்சுக்காம எடுத்துட்டு வந்துட்டேன். உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்.”

அவர் கையை நீட்டவில்லை. “எங்கிருந்து?”

“மார்டள்ளியில ஒரு வீட்டுச் சுவர்லேர்ந்து. வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம எடுத்தேன்.”

“யார் வீடு?”

கேட்காத பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார் மேடம். கேட்ட பெயரை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அவரைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதைச் சொல்ல மாட்டேன் சார்” என்றேன். “கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் நான் திருடினேன். என் பேர்ல எழுதிக்குங்க.”

“எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?”

“இப்பத்தான் தெரிஞ்சுது சார்.”

“உங்க வேலை போகலாம்.”

“சரி சார்.”

எனக்குத் தைரியம் என்று நினைக்காதீர்கள். குரல் எலிப்பொறிக்குள்ளிருந்து வந்தது. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன்: அந்த அறையில் என் கைவசம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் தப்பை என்னோடு நிறுத்துவது. தப்பு மேசைக்கு வந்துவிட்டால் அதைச் சின்னதாக்க முடியாது. அடுத்தவர் மடிக்கு உருளாமல் பிடித்துக்கொள்ளத்தான் முடியும். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். அடி தவறிவிட்டது என்று தெரிந்ததும் கல்லை இறுகப் பிடிப்பீர்கள், இல்லையா, அதுதான்.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொம்பை வாங்கினார். திருப்பினார். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். சாவிக் கொத்தை எடுத்து, ஒரு சாவியால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை சுரண்டினார்.

“இதால கல் உடைச்சீங்களா?”

“ஆமா சார்.”

“நல்லா உடைஞ்சுதா?”

“ரொம்ப நல்லா சார். கொம்புல ஒரு குணம்…” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

“கொம்புன்னா அடியில சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும். இதுல இருக்கா?”

இல்லை.

“இங்க பாருங்க, இழை ஓடுது. இது மரம். புளிய வேர். நெருப்புல வாட்டி வளைச்சு, செதுக்கி, பெயின்ட் அடிச்சிருக்காங்க. அருமையான கை.” என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“பிரதி செய்யற வேலை சார்” என்றேன். “அசல் மாதிரியே போலி செய்யறது.”

மேடத்தின் தோள் குலுங்கியது. இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மீதிக் காபியைக் குடித்து முடித்து, “இனி அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்” என்றார். “அந்த வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுடுங்க.”

அன்று மரத்தடியில், பிள்ளைகளுக்கு முன்னால், அதே வேரால்தான் கைக்கோடரி செய்தேன். மெல்லிய சில்லுகள் வெற்றிலை போலவே பெயர்ந்தன. இது என்ன சார் என்று ஒரு பிள்ளை கேட்டது. வேர் என்றேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி மட்டும் கை தட்டினார்.

ஆகவே கடைசிக் கருவி: புளி, கருவேலம், கொய்யா, எது கிடைக்கிறதோ அதன் முற்றிய வேர் அல்லது அடிக்கட்டை. முழங்கை நீளம், கைப்பிடி கனம், நன்றாகக் காய்ந்தது. ஓரம் நசுங்கினால் திருப்பிப் பிடியுங்கள். நசுங்கி முடிந்தால் வேறு செய்யுங்கள். கொம்பு யாராவது தருகிறேன் என்றாலும் வேண்டாம். வெளிநாட்டுக்காரர் எழுதியதைப் படிக்கும்போது, அந்த ஊரில் எது யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தப் பக்கத்தில் அச்சாகாமல் சேர்ந்தே இருக்கிறது. நம் ஊருக்கு அது பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். கூடத்தின் ஜன்னலோர மேசையில், பெயின்ட் முழுக்கப் போய், இரண்டு பக்கமும் நசுங்கி, இன்றும் நீங்கள் எடுத்துத் தட்டுகிறீர்களே, முனை வளைந்த ஒரு வேர், அது இதுதான். சில்லுகள் நன்றாக வந்தால் உங்கள் கைக்கு மட்டும் பெருமை சேர்க்காதீர்கள்.

அன்று சாயங்காலம் மாதேஷின் போன் கிடைத்தது.

“மாப்ளே, அந்தக் கொம்பு…”

“தெரியுங்க. கோயில்லேர்ந்து வந்ததுமே பாத்தேன்.”

“அது வேராமே.”

“ஆமாங்க. பழச நான் வேலைல சேந்தப்பவே ஆபீசுல ஒப்படைச்சுப்போட்டேன். செவுரு மொட்டையா இருக்குதுன்னு அம்மா சொல்லிச்சு. அதான் செதுக்கி வெச்சேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி முன்னால் நின்றதையும், பெயர் கேட்டபோது சொல்ல மாட்டேன் என்றதையும், என் வேலையே போனாலும் சரி என்று நின்றதையும் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். எலிப்பொறிக் குரலை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லி முடித்து, அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது நெகிழ்ந்து வரும் என்று காத்திருந்தேன்.

“சரிங்க மாமா, சட்டைய எதுல மாட்டறது?” என்றான்.